வயதான அப்பாவை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

கேட்கப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 74 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இப்போது மூட்டு வலியும் சேர்ந்துவிட்டது. ஊரில் அவரும் அம்மாவும் மட்டும்தான். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். தனியார் டாக்டர், லேப், மருந்துக் கடை என்று மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. "இனி அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாமா? நம் ஊர் அரசு மருத்துவம் வயதானவர்களைத் தாங்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாதாந்திர மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு, நம் அரசு மருத்துவம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரசு டாக்டராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதனால் இரண்டு பக்கமும் தெரிந்துதான் பேசுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலம். "பாட்டில் கொண்டாந்தியா?" என்று கேட்டுத்தான் கம்பவுண்டர் மிக்சர் ஊற்றுவார். வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் கைக்குழந்தையோடு வந்த பெண்கள். பேதி, நிமோனியா, தட்டம்மை, பிரசவத்தில் ரத்தப்போக்கு. அப்புறம் காசநோய், தொழுநோய். வயதானவர்கள் குறைவாகத்தான் வருவார்கள். வந்தாலும் "வயசாயிடுச்சு, இனிமே என்ன" என்று அவர்களே சொல்லிக்கொண்டு, ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்காகத்தான் எல்லாம் கட்டப்பட்டது, மிக நன்றாகவே கட்டப்பட்டது. 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. மருத்துவமனைகளைக் கவனிக்க ஒரு துறை, நோய் வராமல் தடுக்க இன்னொரு துறை என்று தனி இயக்குநரகம் வைத்துக்கொண்டதும் நம் மாநிலத்தின் பெரிய பலம். பெரும்பாலான மாநிலங்களில் இந்த ஏற்பாடு கிடையாது. ஆனால் சட்டத்தையும் துறையையும் விட, தோளில் பையும் கையில் பதிவேடுமாக நடந்த கிராம சுகாதார செவிலியருக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். எந்தத் தெருவில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு எந்த வாரம் பிரசவம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வரவில்லையென்றால் வீட்டுக்கே போய் நிற்பார். இன்று தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2020 கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது நாடு முழுவதும் 28, தமிழ்நாட்டில் 13. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் அந்தப் பதிவேடுதான் இருக்கிறது.

மாத்திரையைப் பற்றி உங்களுக்கும் சந்தேகம் இருக்கும். "ஜி.எச். மாத்திரை கேட்காது" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நிலைமை மோசம்தான். நாங்கள் கேட்கிற மருந்து வராது, கேட்காதது வந்து குவியும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய பிறகு அது மாறியது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். மாவட்டங்களில் கிடங்குகள் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம். கிடங்குக்கு வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்பதை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு வெளி லேப்புக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் சரக்கு வெளியே போகும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் என்றால் அரசுப் பட்டையில் இருப்பதும் கடையில் பளபளவென்று இருப்பதும் ஒரே மருந்துதான். கடைப் பட்டையில் விற்பனைப் பிரதிநிதியின் செலவும் சேர்ந்திருக்கிறது. மற்ற மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, இதே முறையைத் தங்கள் ஊரில் வைத்துக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் நம்பாமல் இருக்கிறோம்.

இப்போது முதுமைக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-இல் அது 13.6 சதவீதம். நாட்டின் சராசரி 10.1. 2031-இல் தமிழ்நாட்டில் 18.2 ஆகும் என்கிறது அதே கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளா மட்டும்தான் நம்மைவிட முன்னால். பிள்ளை பெறுவது குறைந்தது, பிறந்த பிள்ளை பிழைத்தது, பிழைத்தவர் எழுபது எண்பது வரை வாழ்ந்தது என்று எல்லாமே நாம் பாடுபட்டு வாங்கிய வெற்றிதான். அந்த வெற்றியின் பலன் இப்போது ஓ.பி. வரிசையில் கைத்தடியோடு நிற்கிறது.

ஆனால் பிரசவத்துக்கு ஒரு தேதி உண்டு. நிமோனியா பத்து நாளில் ஒரு முடிவுக்கு வரும். காசநோய்க்குக்கூட ஆறு மாதம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முடிவுத் தேதியே இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்கும் மறதிக்கும் அப்படித்தான். வந்தவருக்கு வைத்தியம் பார்த்து அனுப்பும் ஏற்பாடு, போகாமல் கூடவே இருக்கும் நோய்க்குப் போதாது. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு மாநில ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். இலவச மாத்திரையும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் உள்ள மாநிலத்தில் இந்த நிலை. எனக்கு ஆச்சரியமில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் மாதம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க மாட்டார். முட்டி வலிக்காரப் பாட்டியால் பஸ் ஏறி வர முடியாது. உடம்பில் ஒன்றும் தெரியாத நோய்க்கு ஒருவர் மாத்திரை வாங்க அலைவார் என்று எதிர்பார்ப்பதே தப்பு.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் மனதார ஆதரிப்பதற்கு இதுதான் காரணம். எந்தக் கட்சி கொண்டுவந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்டும் வலி நிவாரணச் செவிலியரும் வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அடுத்து எடுத்த மாநில ஆய்வில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதமாகவும் சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 சதவீதமாகவும் ஏறியிருந்தது. மூன்று நான்கு வருடத்தில் இது நல்ல முன்னேற்றம். அதே சமயம், ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்தான் சொல்கிறது.

வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது ஏதோ இரண்டாந்தர ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். உலகத்துக்கே அதை நிரூபித்துக் காட்டியது சென்னைதான். ஒரு காலத்தில் காசநோய் வந்தால் தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் குணமாகாது என்பதுதான் நம்பிக்கை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, பாதியில் வேலைக்குப் போனவர்கள் என்று எல்லாம் இருந்தும், வீட்டிலிருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் அந்த முடிவு வெளிவந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. ஒழுங்காக மருந்து போய்ச் சேர்ந்தால், ஒருவர் விடாமல் கவனித்தால், வீடு போதும். முதுமைக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் முதுமை மருத்துவம் ஆகிவிடாது. நான் ஓய்வு பெற்ற பிறகு தெருவில் தெரிந்தவர்கள் பலர் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்பது, "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க" என்பதுதான். ஒருமுறை எண்பது வயதை நெருங்கிய ஒருவரை மகள் கூட்டி வந்தார். அடிக்கடி தலை சுற்றி விழுகிறார், ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயம். மஞ்சப்பையை மேஜையில் கொட்டினேன். அரசுப் பட்டையில் பிரஷருக்கான அம்லோடிபின் இருந்தது. தனியார் டாக்டர் எழுதிய வேறு பெயருள்ள பட்டையிலும் அதே அம்லோடிபின். இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஏனென்றால் நிறம் வேறு. சிறுநீர் தாராளமாகப் போக ஒரு மாத்திரை, அதுவும் பிரஷரை இறக்கும். தூக்கத்துக்கு அல்பிரசோலம். முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், அது வயிற்றை எரித்ததால் இன்னொரு மாத்திரை. இத்தனைக்கும் மேல், பத்து வருடத்துக்கு முன் எழுதிய சீட்டில் அப்படியே தொடர்ந்த கிளிபென்கிளமைடு. ராத்திரி ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறவருக்கு அந்த மாத்திரை விடியற்காலையில் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். வயதானவர்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் எப்போதோ முடிவான விஷயம். படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நிற்க வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தேன். நின்றதும் மடமடவென்று இறங்கியது. அவருக்குப் புதிதாக எந்த மருந்தும் தேவைப்படவில்லை. நாலு மாத்திரையை, சிலதை உடனடியாகவும் சிலதைப் படிப்படியாகவும் நிறுத்தினோம். சில வாரத்தில் தெளிவாகப் பேசினார்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த டாக்டரும் இதில் பெரிய தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மொத்தப் பையையும் பார்க்க யாருமில்லை, அவ்வளவுதான். முதுமை மருத்துவத்தில் பாதி வேலை நிறுத்துவதும் குறைப்பதும்தான். அதற்கு நேரம் வேண்டும். அரசு மருத்துவமனையில் இல்லாத ஒரே மருந்து அதுதான். காலை ஏழரைக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடிய வேண்டிய ஓ.பி.யில் ஒரு டாக்டர் நூறு நூற்றைம்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தால், ஒரு பெரியவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? அவர் சட்டை பட்டனைக் கழற்றுவதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். காது சரியாகக் கேட்காதவரிடம் கத்திக் கேட்க வேண்டியிருக்கிறது, அவரும் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இத்தனைக்கும் இந்தத் துறை நமக்குப் புதிதில்லை. இந்தியாவிலேயே முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், 1978-இல். தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராசன். குழந்தைக்குத் தனி டாக்டர் இருக்கும்போது கிழவருக்கு எதற்கு என்று பலரும் கேட்ட காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய இடம். ஆனால் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ள மாநிலத்துக்கு, நாற்பது வருடத்துக்கு முன்பே வழிகாட்டிய மாநிலத்துக்கு, இந்த வேகம் போதாது. மாவட்டத்தில் இருப்பவர் கிண்டிக்கு வந்து முட்டி காட்டிவிட்டுப் போக முடியாது.

படுக்கையில் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல். "கூட யார் இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. டீ வாங்கி வர, ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போக, சீட்டு காட்டி ரிசல்ட் வாங்க, பெட்பேன் வைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு துணை ஆள் இருப்பார் என்ற கணக்கில்தான் நம் வார்டுகள் ஓடுகின்றன. இளைஞனுக்கு அம்மா வருவாள். 74 வயதுக்காரருக்கு 70 வயது மனைவி வருவார். ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்கக்கூடாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் ஸ்டிரெச்சர் தள்ளுவதற்குக் கை நீட்டுகிறவர்களை என்ன சொல்லியும் திருத்த முடியவில்லை. அந்த ஐம்பது நூறைவிட, கேட்கப்படும் விதம்தான் பெரியவர்களைக் குறுகிப்போக வைக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஜீவனாம்சத்துக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இயன்றவரை படுக்கை ஒதுக்க வேண்டும், தனி வரிசை வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வரிசை எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அரசு மருத்துவம் முதுமை நோய் ஒன்றை முழுக்கக் கையாண்டு காட்டிய கதையும் நம்மிடம் உண்டு. கண்புரை. மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவராக இருந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகள் செய்தவர். 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்று, பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முகாம் போட்டு, கிராமத்திலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்து, அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடும் முறையை அவர் அரசுப் பணியில் இருந்தபோதே பழகியிருந்தார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்றபோது, 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். அரசுத் திட்டமும் தொண்டு நிறுவனமும் கைகோத்ததால், இன்று தமிழ்நாட்டில் பணமில்லை என்பதற்காக ஒரு பாட்டி கண்புரையோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கண்புரைக்கு முடிந்தது காதுக்கு ஏன் முடியவில்லை, முட்டிக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். கேட்காத காது மனிதரைப் பேச்சிலிருந்து வெளியே தள்ளுகிறது. மறதி நோய் வரும் அபாயத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்று இப்போது தெரிகிறது.

காப்பீடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் பெரிய சிகிச்சைக்கும் உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. வயதானவர்களின் வீட்டில் பணம் கரைவது பெரும்பாலும் அந்த மாத்திரையில்தான்.

கடைசிக் காலத்தைப் பற்றியும் பேச வேண்டும். குடும்பங்கள் என்னிடம் அதிகம் தவித்தது அதற்குத்தான். குணமாகும் வாய்ப்பே இல்லாத எண்பத்தைந்து வயதுக்காரரை வென்டிலேட்டரில் வைத்து, நகையை அடகு வைத்து, கடைசியில் பில் கட்டி உடலை வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். "எதையும் செய்யாம விட்டுட்டோம்னு ஊர் சொல்லும்" என்ற பயம் அவர்களை அங்கே தள்ளியது. பழைய ஆட்கள் "வீட்டுக்குக் கொண்டுபோயிடறோம், டாக்டர்" என்பார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனபின் வலிக்கு என்ன செய்வது, மூச்சுத் திணறலுக்கு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க அன்று எங்களிடம் ஏற்பாடு இல்லை. கேரளாவில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 2008-இல் அரசின் கொள்கையாகவே ஆனது. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டுக்கு வருகிறார், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். வாய்வழி மார்ஃபின் கடும் வலியைத் தணிக்கும், விலை மலிவான மாத்திரை. 1985 போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல வருடம் அது நோயாளிக்குக் கிடைக்காமல் போனது. 2014-இல் சட்டம் தளர்ந்த பிறகும் டாக்டர்களின் தயக்கம் முழுதாகத் தளரவில்லை. செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அப்பா தெளிவாக இருக்கும்போதே இதை ஒருநாள் உட்கார்ந்து அவரிடம் பேசுங்கள். அபசகுனம் என்று தள்ளிப் போடாதீர்கள். பெரியவர்கள் பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

ஆக, நம் அரசு மருத்துவம் தாங்குமா? மாத்திரை, அறுவை சிகிச்சை, அவசர சிகிச்சை இவற்றைத் தாங்கும். அன்றாடம் கூடவே இருக்க வேண்டிய கவனிப்பை இன்னும் தாங்கவில்லை. பிரசவத்துக்கு வைத்தது போலவே முதியோருக்கும் தெருவாரியாக ஒரு பதிவேடு வேண்டும். யார் தனியாக இருக்கிறார், யார் இந்த வருடம் விழுந்தார், யாருக்கு உடம்பு இளைக்கிறது, யார் மாத்திரையை மறக்கிறார் என்று அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சியும், ஊக்கத்தொகைக்குப் பதில் நியாயமான சம்பளமும் கொடுத்தால் இதை அவரே செய்வார். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு மதியம், அவசரமில்லாத முதியோர் ஓ.பி. வைக்கலாம். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாத்திரைப் பை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சர்க்கரை, பிரஷர் போன்றவற்றைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் பெயர் பதிந்து, உங்கள் தெருவுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர் யார் என்று கேட்டு அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் மாத்திரை வாங்குவதை ஒரே இடமாக்குங்கள். இப்போது சாப்பிடுவதை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நின்றபடி ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், மூட்டு வலி மாத்திரை அதிகம் சாப்பிட்டிருந்தால் சிறுநீரகம் அதில் தெரியும். முட்டிக்கு மாத்திரையைவிடத் தொடைத் தசைப் பயிற்சி நல்லது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். குளியலறையில் கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு, இந்த மூன்றும் இடுப்பு எலும்பைக் காப்பாற்றும். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கத்து கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றி நேரத்தை விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. இதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள்.

அப்புறம், கேள்வி முழுக்க அப்பாவைப் பற்றியே இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். அவருக்குச் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று நீங்கள் எழுதவே இல்லை. பரிசோதனை செய்து பார்த்ததே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். நம் ஊர்ப் பெண்கள் கர்ப்பப்பை இறக்கத்தையும் சிரித்தால், இருமினால் சிறுநீர் கசிவதையும் வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள். இரண்டுக்கும் அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சை இருக்கிறது. அப்பாவுக்குச் சீட்டு எடுக்கும்போது அம்மாவுக்கும் ஒரு சீட்டு எடுங்கள். அவரைப் பெண் டாக்டரிடம் தனியாக உட்கார்ந்து பேசவிட்டு, நீங்கள் அப்பாவோடு வெளியே இருங்கள்.